இரண்டு விரற்கடை

இன்ஸ்பெக்டர் என்றால் போலீஸ் என்று நினைத்துக்கொள்பவர்களை அவர் திருத்துவதில்லை. உண்மையில் அவர் லிஃப்ட் இன்ஸ்பெக்டர். மாடிக் கட்டடங்களின் லிஃப்டுகளில் ஏறி இறங்கி, கம்பிவடம் சரியாக இருக்கிறதா, பிரேக் பிடிக்கிறதா, எட்டுப் பேர் என்று எழுதியிருந்தால் நிஜமாகவே எட்டுப் பேரைத் தாங்குமா என்று பார்த்துச் சான்றிதழில் கையெழுத்துப் போடுவது அவர் வேலை. இருபத்தாறு வருஷத்தில் ஒரு பொய்க் கையெழுத்து கிடையாது. கட்டட முதலாளிகள் அவரைப் பிழைக்கத் தெரியாதவர் என்பார்கள். லிஃப்ட் விஷயத்தில் ஒரு மில்லிமீட்டர்கூட விட்டுக்கொடுக்காத அந்த மனிதர், தன் சொந்த உயரத்தை மட்டும் யார் கேட்டாலும் இரண்டு அங்குலம் கூட்டியே சொல்வார்.

அந்த இரண்டு அங்குலம் ஷோரூமில் வந்து நின்றது.

ஐம்பத்தோரு வயதில் அவருக்கு ஸ்போர்ட் டூரிங் மோட்டார் சைக்கிள் ஆசை வந்திருந்தது. வேகமாகவும் போகும், தொலைதூரமும் போகும், பின்னால் ஒருவரை வசதியாக உட்காரவைத்துக்கொண்டும் போகும் வண்டி. எட்டு மாதம் அதைப் பற்றி வீடியோ பார்த்தார். எத்தனை சிசி, வளைவில் எவ்வளவு சாயும், முன்கண்ணாடி எவ்வளவு காற்றைத் தடுக்கும், எல்லாம் மனப்பாடம். சீட்டின் உயரம் எண்ணூற்று முப்பத்தைந்து மில்லிமீட்டர் என்பதையும் படித்தார். அது யாரோ குள்ளமானவர்களுக்கான எச்சரிக்கை என்று கடந்துபோனார்.

வண்டியைப் பதிவு செய்த அன்று கூட வந்தவன் மச்சான், அதாவது மனைவியின் தம்பி. ஆறடி ஒரு அங்குலம். பத்து வருஷமாகப் பெரிய வண்டி ஓட்டுகிறவன். படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்த விற்பனைப் பெண் பேனாவை நிறுத்தி, இன்ஸ்பெக்டரைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை.

"சார், இதுக்கு லோ சீட் ஒண்ணு இருக்கு. இப்பவே சொன்னா கூடுதல் காசு இல்லாம மாத்திக் குடுத்துடுவாங்க. போட்டுடட்டுமா?"

மச்சான் நிமிர்ந்து கூரையைப் பார்த்தான். அவன் கூரையைப் பார்த்த விதம்தான் இன்ஸ்பெக்டருக்குப் பொறுக்கவில்லை.

"எதுக்கு? தேவையில்ல," என்றார்.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். இவர் காலின் நீளம் தெரியாமல் விட்டார்.

அவர் மனைவிக்கு வீட்டின் முன்னறையில் தையல் கடை. இரண்டு மெஷின், ஒரு வெட்டு மேஜை, சுவர் நிறைய நூல்கண்டுகள். சேதியைக் கேட்டபோது அவள் துணியில் சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். உட்கார்ந்து பார்த்தீர்களா என்று மட்டும் கேட்டாள். பார்க்காமலா வாங்குவார்கள் என்றார் அவர். பார்த்தது உண்மைதான். ஸ்டாண்டில் நின்ற வண்டியில், மச்சான் பிடித்துக்கொண்டிருக்க. அவளும் மேலே தோண்டவில்லை. இருபத்து மூன்று வருஷமாக அவர் கடையில் நெட்டையான ஆளின் பேன்ட்டாகப் பார்த்து வாங்கிவருவார்; அவள் கேள்வி கேட்காமல் கீழே வெட்டி மடித்துத் தைத்துவிடுவாள். அவர்கள் தாம்பத்தியத்தில் சண்டை குறைவு என்றால் அதற்கு இதுவும் ஒரு காரணம்.

வண்டி வந்தது. கருநீலம். எடை இருநூற்று நாற்பது கிலோ. ஷோரூம் ஆள் அதை வீட்டு வாசலில் இறக்கிவைத்துவிட்டு, வாழ்த்துச் சொல்லிவிட்டு, கொஞ்சம் வேகமாகவே போய்விட்டான். இன்ஸ்பெக்டர் ஏறி உட்கார்ந்தார். வலது காலைத் தேடினார். அது காற்றில் இருந்தது. இடது காலின் கட்டைவிரல் மட்டும் பூமியை விசாரித்துக்கொண்டிருந்தது. முதல் நாள் சுற்றிவிட்டு வந்து கேட்டுக்குள் திரும்பும்போது, தைத்த துணி வாங்க வந்திருந்த இரண்டு பெண்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். மரியாதைக்காக ஒரு நொடி நிறுத்தினார். மணிக்கு இருநூறு கிலோமீட்டர் போகக்கூடிய வண்டி, மணிக்குப் பூஜ்ஜியம் கிலோமீட்டர் வேகத்தில் மெதுவாக, கௌரவமாக, இடது பக்கம் சாய்ந்து படுத்துக்கொண்டது. அவரும் கூடவே படுத்தார்.

சரளைக்கல் என்றார். இரண்டாவது முறை அலுவலக வாசலில் விழுந்ததற்கு ஈர இலை காரணம். மூன்றாவது முறைக்குச் சாலை போட்ட ஒப்பந்தக்காரன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவருக்கு ஊரே கோணலாகிவிட்டது. குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்று சொல்ல இவருக்கு மீசை கிடையாது. அதனால் மண்ணைப் பற்றியே பேசவில்லை.

ஆனால் பழகினார். அதைச் சொல்லத்தான் வேண்டும். முதல் ஆயிரம் கிலோமீட்டருக்கு எஞ்சினை விரட்டக் கூடாது என்று கையேட்டில் இருந்ததை வேதவாக்காக எடுத்துக்கொண்டு ஓட்டினார். பள்ளிக்கூட வேன் முந்தியது, தண்ணீர் லாரி முந்தியது, ஒருமுறை சைக்கிளில் போன தபால்காரர் முந்திவிட்டுத் திரும்பிப் பார்த்துப் பரிதாபப்பட்டார். அதெல்லாம் அவருக்கு வலிக்கவில்லை. ஓடிக்கொண்டிருக்கும் வண்டி அவருக்குச் சொர்க்கம். நிற்கிற வண்டிதான் நரகம்.

ஆகவே நிற்காமல் போவது எப்படி என்று ஆராய்ந்தார். மூன்று கிலோமீட்டர் தூரத்திலுள்ள அலுவலகத்துக்கு, சிக்னலே இல்லாத ஏழரை கிலோமீட்டர் வழி ஒன்றைக் கண்டுபிடித்தார். நின்றே தீர வேண்டிய இடங்களில் நடைபாதை விளிம்பை ஒட்டி நிறுத்தி, அதன்மேல் கால் வைத்துக்கொள்வார். ஊரில் எந்தத் தெருவில் விளிம்பு உயரம், எந்தத் தெருவில் உடைந்திருக்கிறது என்று சாலைத் துறைக்கே தெரியாததெல்லாம் அவருக்குத் தெரிந்தது. தடித்த அடிப்பாகம் கொண்ட பூட்ஸ் ஒன்றும் வாங்கினார். பாதுகாப்புக்காம்.

ஒரு மாதம் இப்படி ஓடியபோது மச்சான் வந்து, அடுத்த ஞாயிறு தன் குழு ஏரிக்குப் போகிறது, போக நூற்றைம்பது கிலோமீட்டர், எல்லோரும் ஜோடியாக வருகிறார்கள் என்றான்.

"அக்காவப் பின்னாடி உக்கார வெச்சுக் கூட்டிட்டு வாங்க மாமா. முடியும்ல?"

அந்தக் கடைசி வார்த்தையில் எண்ணெய் தடவியிருந்தான். இன்ஸ்பெக்டர் முடியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை. மனைவி மெஷினிலிருந்து தலையைத் தூக்கி, நான் வருகிறேன் என்றாள்.

அன்றிலிருந்து அவருக்குத் தூக்கம் போயிற்று. தான் விழுவது ஒரு விஷயமே இல்லை. விழுந்து விழுந்து அதில் தேர்ச்சி வந்துவிட்டது. ஆனால் பின்னால் அவள் இருப்பாள். விழுகிறவர்கள் கையைத்தான் ஊன்றுவார்கள். அவளுடைய வலது மணிக்கட்டு ஒடிந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தார். சாப்பிடும்போது அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஊசி குத்திக் குத்திக் காய்த்த அந்த விரல்களால்தான் அவள் அவளாக இருந்தாள். பயமாக இருந்தது. பயம் என்று சொல்லவும் பயமாக இருந்தது. மச்சானின் கூரைப் பார்வையும் மனைவியின் மணிக்கட்டும் தராசின் இரண்டு தட்டுகளில் உட்கார, எது கனம் என்று தெரிந்தும் தெரியாததுபோல் ஆறு நாளைக் கடத்தினார். அதில் இரண்டு நாள் வெளியூரில் ஒரு ஆஸ்பத்திரியின் லிஃப்டுகளைச் சோதிக்கப் போய்விட்டது.

சனிக்கிழமை காலை, கடைசிப் பயிற்சிக்காக வண்டியை எடுத்தார். தெருமுனையில் நிறுத்தினார். கால் தரையில் இருந்தது. விரல் இல்லை, பாதத்தின் முன்பாதி முழுக்க. மறுகாலையும் இறக்கினார். அதுவும் இருந்தது. விளிம்பே இல்லாத சமதரையில் மூன்று முறை நிறுத்திப் பார்த்தார். பொய் இல்லை.

ஐம்பத்தோரு வயதில் ஒருவருடைய கால் இரண்டே நாளில் வளர்ந்தால் சாதாரண மனிதன் சந்தேகப்படுவான். இன்ஸ்பெக்டர் அது பயிற்சியின் பலன் என்று முடிவு செய்தார். வீட்டுக்கு வந்து மனைவியிடம் விளக்கினார்: எல்லாம் இடுப்பில் இருக்கிறது, இடுப்பைத் தளர்த்தினால் கால் தானாக இறங்கும், பலருக்கு இது பிடிபடுவதில்லை. அவள் பல்லால் நூலைக் கடித்து அறுத்துவிட்டு, அப்படியா என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். முதல் சிக்னல் சிவப்பாயிற்று. நிறுத்தினார். இரண்டு காலும் தரையில் ஊன்றி நின்றன. பின்னாலிருந்து அவள், கடைக்கு வெளியே போட்டிருந்த பலகையை உள்ளே எடுத்து வைத்தோமா என்று சாவகாசமாகக் கேட்டாள். அவருக்கு அழுகையே வந்துவிட்டது. ஹெல்மெட் இருந்ததால் மானம் பிழைத்தது.

ஏரிக்கரையில் ஒரு காபிக் கடை. பன்னிரண்டு வண்டிகள் வரிசையாக நின்றன. அதில் ஒன்று அவருடையதைப் போலவே இருந்தது, சிவப்பு. அதன் சொந்தக்காரர் ஒரு பல் டாக்டர், உயரத்திலும் இன்ஸ்பெக்டரின் உடன்பிறப்பு. வாங்கி மூன்று வாரம் ஆகிறதாம், நிறுத்தும்போதெல்லாம் உயிர் போகிறதாம், கல்லூரியில் படிக்கும் மகளைப் பின்னால் ஏற்றப் பயந்து நண்பரின் காரில் வரச் சொல்லியிருக்கிறாராம். நீங்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று கேட்டார்.

இப்படி ஒரு கேள்விக்காகத்தானே மனிதர் இத்தனை வருஷம் உயிரோடு இருந்தார். அரை மணி நேரம் இடுப்பைப் பற்றிப் பேசினார். எழுந்து நின்று தளர்த்தியும் காட்டினார். பல் டாக்டர் நோயாளியின் வாயைப் பார்ப்பதுபோல் உன்னிப்பாகப் பார்த்தார். கடைசியில் தைரியம் வந்து, திரும்பிப் போகும்போது மகள் என் பின்னால் வரட்டும் என்றார்.

அப்போது மச்சான், வெயிலில் நின்ற இன்ஸ்பெக்டரின் வண்டியை நிழலுக்கு நகர்த்த ஏறி உட்கார்ந்தான். உட்கார்ந்தவன் இறங்கினான். சாவியைத் திருகிச் சீட்டைக் கழற்றிக் கவிழ்த்துப் பார்த்தான். அடியில் உறையைப் பிடித்திருந்த பின்கள் எல்லாம் புதிது. உறையின் ஓரத்தில் நெருக்கமான இரட்டைத் தையல் ஓடியது. அது எந்தக் கம்பெனித் தையல் என்று இன்ஸ்பெக்டருக்குப் பார்த்த கணமே தெரிந்துவிட்டது. அவருடைய அத்தனை பேன்ட்டும் அந்தக் கம்பெனிதான்.

"சீட்டு எறங்கியிருக்கே மாமா," என்றான் மச்சான். எல்லோருக்கும் கேட்டது.

இன்ஸ்பெக்டருக்குக் காது சுட்டது. அவர் மனைவிதான் காபிக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"நான்தான்டா எறக்கினேன். அவர் ஊர்ல இல்லாதப்ப உள்ள இருந்த ஸ்பாஞ்ச ரெண்டு விரக்கடை அறுத்து எடுத்துட்டேன். இவர் முன்னாடி உக்காந்தா எனக்கு ரோடே தெரியல. மலை மாதிரி மறைக்கிறாரு."

முகத்தில் ஒரு சிரிப்பு இல்லை. யாரும் சிரிக்கவும் துணியவில்லை. மச்சான்கூட அக்காவின் கண்ணைப் பார்த்துவிட்டுச் சீட்டைத் திரும்ப மாட்டத் தொடங்கினான். இருபத்து மூன்று வருஷத்தில் இன்ஸ்பெக்டரை யாரும் மலை என்று சொன்னதில்லை. அந்த வார்த்தைக்குள் போய் உட்கார்ந்துகொண்டால் போதும். வெயில் படாது, மழை படாது, சாகும்வரை வசதியாக இருக்கலாம். அவள் கதவைத் திறந்து வைத்துவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பல் டாக்டர் மட்டும் தனியாக நின்று, சொல்லிக் கொடுத்தபடி இடுப்பைத் தளர்த்திப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மகள் காரிலிருந்து ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு வந்துகொண்டிருந்தாள்.

இன்ஸ்பெக்டர் அந்தப் பெண்ணைப் பார்த்தார். தாங்குமா என்று பார்க்காத ஒன்றுக்குத் தான் அரை மணி நேரமாகச் சான்றிதழ் கொடுத்துக்கொண்டிருந்தது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"டாக்டர், மகள ஏத்தாதீங்க. இடுப்புல ஒண்ணுமே இல்ல. நான் சொன்னது அத்தனையும் தப்பு," என்றார். பிறகு மச்சான் பக்கம் திரும்பாமலே, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "ரோடு மறைக்குதுன்னு எறக்கல. எனக்குக் கால் எட்டல. மூணு தடவ விழுந்துட்டேன். அவ எனக்காக அறுத்திருக்கா."

யாரும் கூரையைப் பார்க்கவில்லை. ஏரிக்கரையில் கூரையும் இல்லை. மச்சான் சீட்டை அழுத்திப் பூட்டிவிட்டு, சாவியைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தான். குடிங்க மாமா, ஆறிடும் என்று காபியை நகர்த்தி வைத்தான். மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடையில் வாங்கிய துணி எதிர்பாராமல் சரியான அளவாக இருந்துவிட்டால் அவள் அப்படித்தான் பார்ப்பாள்.

மகளைக் காருக்கே திருப்பி அனுப்பிவிட்டுப் பல் டாக்டர் இன்ஸ்பெக்டரின் மனைவி அருகில் வந்தார். குரலைத் தாழ்த்தி, எனக்கும் அதேபோல் செய்து தர முடியுமா என்று கேட்டார். செய்யலாம், எவ்வளவு அறுப்பது என்று தெரிய வேண்டும், கால் உள்பக்க அளவு என்ன என்றாள் அவள்.

பல் டாக்டர் சுற்றுமுற்றும் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"முப்பத்தோரு அங்குலம் இருக்கும்னு நெனைக்கிறேன்."

இன்ஸ்பெக்டர் கோப்பையை வைத்துவிட்டு, டாக்டரைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்தார். அதற்கும் அதிக நேரம் ஆகவில்லை.

"உண்மையான அளவச் சொல்லுங்க டாக்டர்," என்றார்.