சாணியில் விழுந்த பந்து

இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போட்டால்தான் சுவாமிதாஸின் வாத்தியார் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் மல்லாங்கிணற்றில் மாமனார் கடையில் உட்கார்ந்து உளுந்து அளக்க வேண்டும். அன்றைக்குப் பார்த்து அவர் நடத்த வேண்டிய பாடம், துள்ளும் பந்தின் சராசரி முடுக்கம்.

பதினாறடி உயர மாடியிலிருந்து விட்ட பந்து, வினாடிக்கு முப்பத்திரண்டடி வேகத்தில் தரையில் மோதும். பதினாறடி வேகத்தில் மேலே திரும்பும். திசை மாறுவதால் இரண்டையும் கூட்டி, மோதிக் கிடந்த நேரத்தால் வகுக்க வேண்டும். சுவாமிதாஸோ ஒவ்வொரு தடவையும் கழித்துத் தொலைப்பார்.

"ஏலே, கீழ போனது மேல வருது. கூட்டுலே!" என்று முந்தின நாள் ஒத்திகையில் கத்தினார் கணக்கு வாத்தியார் ஜான்ராஜ். "ஒன் மாமனாரு தராசுக்குக்கூட இந்தப் புத்தி இருக்கு."

"பெருசு பக்கத்துல சிறுசு நின்னா என் கை தானாக் கழிக்குதுலே."

பெரிய மனுசர் வருகிறார் என்றால் முற்றம் மெழுகாமல் முடியுமா? விடிகாலையிலேயே பள்ளிக்கூடம் பெருக்கும் வெள்ளைத்தாய் வந்துவிட்டாள். கோடையில் கரிசல் தரை வாய் பிளந்து கிடந்தது. "அவுக பூட்ஸு வெடிப்புல மாட்டிக்கிட்டா யாரு பதில் சொல்றது?" என்று சாணியைக் குழம்பாகக் கரைத்து, வெடிப்பு நிறைய ஊற்றிவிட்டுப் போனாள்.

இன்ஸ்பெக்டர் வெள்ளைக் கால்சட்டையில் வந்து, முற்றத்தில் சாத்தி வைத்திருந்த கரும்பலகை அருகே நின்றார். ஜான்ராஜ் மாடியிலிருந்து பந்தை விட்டார். யுத்த காலத்தில் ரப்பர் பந்துக்கு எங்கே போவது? சைக்கிள் டியூபை நறுக்கிச் சுற்றிய பந்து அது.

சொதக்!

பந்து எழும்பவில்லை. இன்ஸ்பெக்டரின் கால்சட்டைக்குப் பச்சைப் புள்ளிகள்தாம் எழும்பின.

"துள்ளலையே?" என்றார் அவர்.

சுவாமிதாஸுக்கு உச்சி குளிர்ந்தது. கூட்டவும் வேண்டாம், கழிக்கவும் வேண்டாம்!

"திரும்பின வேகம் பூச்சியம் ஐயா. சாணி மெத்தை, நிதானமாப் பிடிச்சு நிறுத்திருக்கு. பத்துல ஒரு பங்கு வினாடின்னு வச்சுக்கிட்டா, முடுக்கம் முந்நூத்தி இருவது. மேல் நோக்கி."

"சரி. பதினாறடி வேகத்துல துள்ளியிருந்தா?"

சாக்பீஸ் தன்பாட்டுக்குக் கழித்தல் குறி போடப் போனது. மாடியில் ஜான்ராஜ் தலையில் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. சுவாமிதாஸ் கையை இழுத்துக்கொண்டு, சாணி சொட்டச் சொட்டப் பந்தைத் தூக்கினார்.

"இன்னொரு தடவை போட்டே காட்டிருறேன் ஐயா. நல்லாக் கிட்ட வந்து பாருங்க."

இன்ஸ்பெக்டர் விறுவிறுவென்று பின்னால் போனார். "வேண்டாம், வேண்டாம்! அந்தக் காகிதத்தை எடும்."

நின்றபடியே கையெழுத்துப் போட்டார். மையும் காயவில்லை, சாணியும் காயவில்லை, வண்டி கிளம்பிவிட்டது.