பட்ஜெட்டில் வந்த ஆஸ்பத்திரி

தலைநகர் அக்ராவில் நிதியமைச்சர் பட்ஜெட் வாசித்த அன்று பிற்பகல், அசுக்ரோம் ஊரில் முப்பது படுக்கை ஆஸ்பத்திரி ஒன்று வந்து நின்றது. கொத்தனாரும் வரவில்லை, ஒரு மூட்டை சிமெண்டும் வரவில்லை. ரேடியோவில் அமைச்சர் அந்த வரியை வாசித்து முடித்ததும் சந்தைக்குப் பின்னால் இருந்த புல்தரையில் நீலக் கூரையோடு அது நின்றது. சுவரைத் தட்டிப் பார்த்தவர்களின் விரலில் பெயிண்ட் ஒட்டியது. அதே இடத்தில் முந்தைய மூன்று தேர்தல்களுக்கும் மூன்று பெரிய மனிதர்கள் வந்து மண்வெட்டி பிடித்துப் படம் எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். அதில் ஊருக்கு மிஞ்சியது மழைத்தண்ணீர் தேங்கும் மூன்று குழிகள்தான். அதனால் இந்த முறை யாரும் வந்து மண்ணைத் தொடாததே நல்ல சகுனம் என்று ஊர் நினைத்தது. உள்ளே வெள்ளை உடையில் நர்ஸுகள் இருந்தார்கள், பிரசவம் பார்க்க ஒரு பெண்ணும் இருந்தாள். எந்த ஊர் என்று கேட்டால் அவர்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. பட்ஜெட்டில் இத்தனை பணியாளர்கள் என்றுதான் இருந்ததே தவிர, யார் எவர் என்று இல்லை.

கிழங்குச் சந்தையின் தலைவி சபோமாவைவிட அன்று அதிகம் மகிழ்ந்தவர் யாரும் இல்லை. அவள் மகள் ஃப்ரேமா முந்தைய மழைக்காலத்தில் டெச்சிமான் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், சேற்றில் சிக்கிய லாரியிலேயே தலைப்பிள்ளையைப் பறிகொடுத்தவள். இப்போது மறுபடி நாள் தள்ளியிருந்தது. இந்தப் பிள்ளையாவது கூரைக்குக் கீழே பிறக்க வேண்டும் என்பதைத் தவிர சபோமாவுக்கு வேறு ஆசை இல்லை. அந்தப் பக்கத்து வழக்கப்படி, ஒருவரிடம் ஒன்றைப் பெற்றுக்கொண்டால் விடிந்ததும் அவர் வீட்டுக்குப் போய் நன்றி சொல்லியாக வேண்டும். கிடாவையும் ஒரு வண்டிக் கிழங்கையும் ஏற்றிக்கொண்டு அமைச்சகத்துக்குக் கிளம்பினாள் சபோமா. பக்கத்துக் கடையில் வாழைக்காய் விற்கும் அச்சியா சிரித்தாள்.

"ரேடியோவுல வந்தது ரேடியோவுலயே போயிடும். இதுக்குப் போய் கெடா ஒரு கேடா?"

"வாங்கி வச்சுக்கிட்டு வாயைத் தொடச்சுக்கறது உங்க குடும்ப வழக்கம்டி. எங்களுக்கு அது வராது" என்று சொல்லிவிட்டு சபோமா வண்டியேறினாள்.

அமைச்சகத்தில் அவளுக்கு நாற்காலி போட்டார்கள், குளிர்ந்த தண்ணீர் கொடுத்தார்கள். அங்கிருந்த அதிகாரி தன் உத்தியோக காலம் முழுவதும் கேட்டு வருபவர்களைத்தான் பார்த்திருந்தார். கிடைத்தது என்று சொல்லி வந்தவர்களைப் பார்த்ததே இல்லை. மனம் நெகிழ்ந்து, அசுக்ரோம் ஆஸ்பத்திரி வேலை முடிந்தது என்று அன்றே குறித்து வைத்தார். அவர்மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த ஆண்டு நாட்டின் பணம் மதிப்பிழந்துகொண்டே வந்தது. வசூலான வரியில் பாதியை வட்டி விழுங்கியது. கடன் கொடுத்தவர்கள் வந்து, செலவை வெட்டினால்தான் அடுத்த தவணை என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள். முடிந்த வேலைக்கு இனிப் பணம் எதற்கு என்று முடிந்தவற்றைத்தான் முதலில் வெட்டினார்கள். ஜூலையில் வாசிக்கப்போகும் பட்ஜெட் திருத்தத்தில் அசுக்ரோம் அடிபடப்போகிறது, அதுவும் அவள் சொன்ன நன்றியால்தான் என்ற செய்தி ஜூன் மாதத்தில் சபோமாவுக்கு எட்டியது. அவள் மறுபடி அக்ராவுக்கு ஓடினாள். ஆஸ்பத்திரி இன்னும் முடியவில்லை என்று சொல்லத்தான் போனாள். நன்றி சொல்ல வந்தபோது நாற்காலி போட்டவர்கள், முறையிட வந்தபோது வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். திரும்பும் வழியெல்லாம், என் வாயாலேயே என் பேரப்பிள்ளையின் கூரையைப் பிடுங்கிவிட்டேனே என்று அழுதாள்.

திருத்தம் வாசித்த அன்று காலையில், சொன்ன தேதிக்கு ஒரு வாரம் முன்னதாகவே ஃப்ரேமாவுக்கு வலி எடுத்தது; ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ப் படுக்க வைத்தார்கள். பத்து மணிக்கு அமைச்சர் ரேடியோவில் தொண்டையைச் செருமினார். முதலில் எக்ஸ்ரே அறை போனது. பிறகு ஜெனரேட்டர், பிறகு கூரை. சத்தம் எதுவும் இல்லை. படுத்திருந்த நோயாளிகள் மெல்லப் புல்லில் இறங்கினார்கள், ஒருவருக்கும் அடிபடவில்லை. சுவர்கள் போனதும் சந்தை முழுக்கத் தெரிந்தது, சந்தைக்கும் இவர்கள் தெரிந்தார்கள். அச்சியாதான் முதலில் ஓடிவந்தாள். இடுப்புத் துணியை அவிழ்த்து மற்றப் பெண்களோடு மறைப்பாகப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு வார்த்தை சொல்லிக்காட்டவில்லை. பிள்ளையின் தலை தெரியத் தொடங்கியிருந்தது. அப்போது ரேடியோவில், புதிய பணியாளர் நியமனங்கள் அனைத்தும் நிறுத்தப்படுகின்றன என்று வந்தது. நர்ஸுகள் ஒவ்வொருவராக இல்லாமல் போனார்கள். பிரசவம் பார்த்துக்கொண்டிருந்தவளின் கைகள் வெளிறி, அவற்றின் ஊடாகப் புல் தெரிந்தது.

அசுக்ரோமில் பிறந்த பிள்ளையை ஏழு நாள் வரை விருந்தாளி என்றுதான் சொல்வார்கள். வந்த வழியே திரும்பிவிடக்கூடும் என்று அதற்குப் பெயர் வைக்க மாட்டார்கள். எட்டாம் நாள் விடியலில் நாக்கில் தண்ணீரும் சாராயமும் தொட்டு வைத்துப் பெயர் சொன்ன பிறகே அது ஊர்ப் பிள்ளை. பிரசவம் பார்க்கும் இந்தப் பெண் வந்து எட்டு மாதம் ஆகியும் எல்லோரும் சிஸ்டர் என்றே கூப்பிட்டு வேலை வாங்கினார்களே ஒழிய, அவளுக்கென்று ஒரு பெயர் வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. சபோமாவுக்கு அது அந்தக் கணத்தில் தோன்றியது. வாளியில் விரலை நனைத்தாள். சந்தைக்காரன் ஒருவன் இடுப்பிலிருந்த சாராயக் குப்பியை வாங்கி மறுவிரலையும் நனைத்தாள். இரண்டையும் அந்தப் பெண்ணின் நாக்கில் தொட்டு வைத்து, பேத்தி பிறந்தால் வைக்கவென்று காத்து வைத்திருந்த பெயரை எடுத்தாள்.

"தண்ணின்னு சொன்னா அது தண்ணியா இருக்கட்டும். சாராயம்னு சொன்னா சாராயமா இருக்கட்டும். உன் பேரு பிராகோ, எங்கம்மா பேரு. வந்துட்ட இல்ல? இருந்துடு தாயி."

பிராகோவின் கைகளுக்குக் கனம் திரும்பியது. சற்று நேரத்தில் அந்தக் கைகள் ஒரு பெண் குழந்தையைத் தூக்கின. வெட்டவெளியில் பிறந்தாலும் அது நன்றாகவே அழுதது. ஃப்ரேமா அதை வாங்கி முகத்தோடு சேர்த்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு வந்த பட்ஜெட்டுகளில் அசுக்ரோமுக்கு எதுவும் இல்லை, ஊரும் எதிர்பார்க்கவில்லை. பிராகோ சபோமாவின் வீட்டுப் பின்னறையில் பிரசவம் பார்த்தாள். சம்பளம் கிடையாது, ஊர்தான் சோறு போட்டது. பல ஆண்டுகள் கழித்து, இல்லாத ஆட்களின் பெயரில் யாரோ சம்பளம் வாங்குவதைக் கண்டுபிடிக்க அரசாங்கம் ஊர் ஊராக ஆளனுப்பியது. அசுக்ரோமுக்கு வந்த அதிகாரி பின்னறை வாசலில் நின்று தன் தாள்களைப் புரட்டினார். சம்பளம் வாங்கியும் இல்லாதவர்களை அவருக்குத் தெரியும். இருந்தும் சம்பளம் வாங்காத ஒருத்தியை எங்கே சேர்ப்பது என்று தெரியவில்லை.

"பிராகோன்னு ஒரு மருத்துவச்சி எந்த ஆஸ்பத்திரியிலயும் இல்லையேம்மா" என்றார்.

"சரிங்கய்யா" என்றாள் சபோமா. "கொஞ்சம் வெளியில இருங்க, உள்ள பிரசவம் நடக்குது."

அதிகாரி மாமரத்தடிக்குப் போய்க் காத்திருந்தார்.