பின்பக்கமாக வந்த யானைகள்

என் தம்பி கேமராவோடு புல்லுக்குள் ஒரு துணிக்கூண்டில் மறைந்து உட்கார்ந்திருப்பான். நான் தூரத்தில் ஜீப்பில் இருந்துகொண்டு சத்தம் கீழே கேட்காத உயரத்தில் ட்ரோனைப் பறக்கவிட்டு, "இடது பக்கம் திருப்பு, குட்டி வருது பாரு" என்று வாக்கிடாக்கியில் அவனுக்கு வழிசொல்வேன். காட்டு விலங்குகளைப் படமெடுப்பதுதான் எங்கள் பிழைப்பு.

அன்றைக்கு அவனுடைய இயர்போன் ஒயர் அறுந்துவிட்டது. நான் பேசுவது வாக்கிடாக்கியிலிருந்து வெளியே கேட்கும். யானைகள் எப்போதும் குளத்தின் எதிர்க்கரைக்குத்தான் வரும் என்பதால் இருவரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அலட்சியம்தான், வேறென்ன.

யானைகள் அவன் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தன.

ட்ரோன் திரையில் மேலிருந்து பார்த்தபோது முதலில் ஆளுயரப் புல் விலகுவதுதான் தெரிந்தது. பிறகு செம்மண் அப்பிய முதுகுகள். எண்ணத் தொடங்கி விட்டுவிட்டேன், அத்தனை. எத்தனையோ வருஷமாக யானை பார்க்கிறேன், அப்படியொரு கூட்டத்தைப் பார்த்ததில்லை. காடே எழுந்து நடந்து வருகிறதோ என்று மலைத்துப் போனேன். அப்புறம்தான் தம்பி அங்கே இருப்பது உறைத்தது.

"டேய், பின்னாடி..." என்றேன். அவ்வளவுதான். முன்னால் வந்த பெரிய யானை சட்டென்று நின்று காதை விரித்தது. மொத்தக் கூட்டமும் நின்றது. வாக்கிடாக்கி பட்டனிலிருந்து விரலை எடுத்துவிட்டேன். இனி ஒரு வார்த்தை பேசினாலும் அவனை நானே காட்டிக்கொடுத்ததாகிவிடும்.

"வண்டிய எடுக்கட்டுமா மேடம்?" என்றார் ஜீப் ஓட்டுநர். வேண்டாமென்று கையைக் காட்டினேன். இன்ஜின் சத்தத்தில் மிரண்டால் அவன்மேலேயே ஏறி ஓடிவிடும்.

கூட்டம் மறுபடி நகர்ந்தது. கூண்டின் இரண்டு பக்கமுமாகப் பிரிந்து, குட்டிகளை நடுவில் விட்டுக்கொண்டு தண்ணீருக்கு இறங்கியது. பெரிய யானை மட்டும் போகவில்லை. கூண்டைச் சுற்றி வந்து, கேமரா எட்டிப்பார்க்கும் பக்கமாக நின்று துதிக்கையைத் தூக்கியது.

அந்த நேரம் பார்த்து ட்ரோனில் சார்ஜ் இறங்கிவிட்டது. சார்ஜ் குறைந்தால் அது யாரையும் கேட்காமல் புறப்பட்ட இடத்துக்கே திரும்பிவிடும். தடுத்து நிறுத்த ஒரு பட்டன் உண்டு. அமுக்கினால் இன்னும் கொஞ்ச நேரம் தம்பியைப் பார்க்கலாம். ஆனால் ட்ரோன் விழுந்தால் யானைகளுக்கு நடுவில் விழும். விரலைப் பட்டன்மேல் வைத்தேன். அமுக்கவில்லை. கூண்டு திரையின் ஓரத்துக்கு நகர்ந்து காணாமல் போனது. அப்புறம் மரம், மரம், மரம். பாழாய்ப்போன அத்தனை மரமும் வெயிலில் அழகாக இருந்தது.

எவ்வளவு நேரம் போனதோ தெரியாது. வாக்கிடாக்கி கரகரத்தது.

"எல்லாம் போயிடுச்சுக்கா. வந்து கூட்டிட்டுப் போ."

ஜீப்பிலேயே அழுது தீர்த்தேன். ஓட்டுநர் ரோட்டையே பார்த்துக்கொண்டு ஓட்டினார், புண்ணியவான்.

ஜீப்பில் ஏறிய தம்பி வழிநெடுக வாயைத் திறக்கவில்லை. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அது என்னடா பண்ணுச்சு? சொல்லித் தொலையேன்!"

"சொல்லத் தெரியலக்கா. நீயே கேளு."

அறைக்கு வந்ததும், சார்ஜர் ஒயர்கள் சிக்கிக்கிடந்த மேசையில் இடம் ஒதுக்கி, மெமரி கார்டைக் கம்ப்யூட்டரில் செருகி, ஹெட்போனை என் தலையில் மாட்டிவிட்டான்.

குளம் தெரிந்தது. ஒரு துதிக்கை வந்து லென்ஸை மூடியது. திரை முழுக்க இருட்டு. படமே இல்லை, சத்தம் மட்டும். கேமராவின் மைக்குக்கு மிக அருகில் ஒரு பெரிய மூச்சு. அதற்குப் பக்கத்தில் திணறித் திணறி ஒரு சின்ன மூச்சு. அது என் தம்பியுடையது. பெரிய மூச்சு எந்த அவசரமும் இல்லாமல் வந்து வந்து போனது. கேட்கக் கேட்க, சின்ன மூச்சும் படபடப்பு அடங்கி, மெல்ல மெல்ல அதன் வேகத்துக்கே வந்துவிட்டது. கொஞ்ச நேரம் எது யாருடையது என்றே எனக்குத் தெரியவில்லை.

உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. ஹெட்போனைக் கழற்றாமல், பக்கத்தில் நின்ற தம்பியின் கையை எட்டிப் பிடித்துக்கொண்டேன்.