இரண்டு முறை பெருக்கிய நான்கு

காலை பத்தே முக்காலுக்குத் தப்பைக் கண்டுபிடித்தேன். பதினொன்றரைக்கு அவனுக்கு நேர்முகத் தேர்வு. போன மாதம் வரை என் கணவன். சேர்ந்து எழுதிய ஆய்வுக் கட்டுரையில் மட்டும் இன்னும் எங்கள் இருவர் பெயரும் அருகருகே இருக்கின்றன.

நியூட்ரான் விண்மீன் பிறந்த புதிதில் கொதித்துக்கொண்டிருக்கும். அந்த வெப்பத்தை வெளியே கொண்டுபோவது நியூட்ரினோக்கள். மொத்தம் ஆறு வகை. அதில் நான்கு ஏறக்குறைய ஒரே மாதிரி நடந்துகொள்வதால், ஒன்றை மட்டும் கணக்கிட்டு நான்கால் பெருக்கிவிடுவோம். அந்தப் பெருக்கலை என் அட்டவணையில் செய்யலாம், அல்லது அவன் எழுதும் கணினி நிரலில் செய்யலாம். இரண்டிலும் செய்யக்கூடாது.

ஒரே வீட்டில் இருந்த காலத்தில் பல் தேய்த்துக்கொண்டே கேட்பான்: "நாலு உன்கிட்டயா, என்கிட்டயா?" இந்தக் கட்டுரையின்போது நாங்கள் மின்னஞ்சலில் மட்டுமே பேசினோம், பாதி வக்கீலுக்கு நகலோடு. யாரும் கேட்கவில்லை.

நாற்பது நொடியில் குளிர வேண்டிய விண்மீன் எங்கள் கணக்கில் பதின்மூன்று நொடியில் குளிர்ந்தது. மையத்தில் அணுக்கருப் பொருள் ஏதோ புது நிலைக்கு மாறுகிறது என்று எழுதினோம். எல்லோரும் பாராட்டினார்கள். அந்தக் குளிர்வைக் காட்டும் ஒரே ஒரு வரைபடத்தை நம்பித்தான் அவன் நிரந்தர வேலை கேட்கப் போகிறான்.

சொன்னால் பழி வாங்குகிறேன் என்பான். சொல்லாவிட்டால் அவன் பொய்யான படத்தோடு உள்ளே போவான். எனக்கு எது வேண்டும் என்று உள்ளே தேடிப் பார்த்தேன். பல் டாக்டர் ஊசி போட்ட கன்னத்தைக் கடித்துப் பார்ப்பது போல இருந்தது.

தேர்வு நடக்கும் மூன்றாவது மாடிக்குப் போனேன். அங்கே அலுவலகத்தில் இருப்பவள் அவன் தங்கை.

"வாங்க அண்ணி. டை கட்டியிருக்கான் பாருங்க, வெட்டப்போற ஆடு மாதிரி."

அவன் நிமிர்ந்தான். "என்ன?"

"நாலு ரெண்டு தடவை வந்திருக்கு. நானும் பெருக்கியிருக்கேன், நீயும் பெருக்கியிருக்க."

மடிக்கணினியைத் திறக்கவில்லை. மனக்கணக்கில் உதடு மட்டும் அசைந்தது.

"அப்ப நாப்பது செகண்டா?"

"கிட்டத்தட்ட."

"புதுசா ஒண்ணும் இல்ல."

"இல்ல."

"எப்பப் பார்த்த?"

"அரை மணி நேரம் முன்னாடி."

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். எதையாவது காட்டியிருக்கலாம். எதுவும் வரவில்லை.

"இன்னிக்கேதான் சொல்லணுமா அண்ணி?" என்றாள் நாத்தனார். "நாளைக்குச் சொன்னா குடியா முழுகிடும்?"

"நீ சும்மா இரு" என்றான் அவளிடம்.

உள்ளே கூப்பிட்டார்கள். போனான். கதவு முழுதாகச் சாத்தவில்லை.

"முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். என்னோட முக்கியமான படம் தப்பு. இன்னிக்குக் காலையிலதான் தெரிஞ்சுது."

அப்புறம் ஒரு வயதான குரல் கேட்டது: "யார் பண்ண தப்பு?"

வேறு யாரைப் பற்றியோ என்பது போல நானும் பதிலுக்குக் காத்திருந்தேன்.

"ஒருத்தரை ஒருத்தர் கேட்டிருக்கணும். ரெண்டு பேரும் கேக்கல."

நாத்தனார் எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள்.

வேலை வேறொருவருக்குப் போனது. வியாழக்கிழமை அவனே என் அறை வாசலில் வந்து நின்று சொன்னான். "சரி" என்றேன்.

"ஜர்னலுக்குத் திருத்தக் குறிப்பு அனுப்பணும்" என்றான்.

"நான் எழுதி அனுப்பறேன். நீ பாரு."

"வேண்டாம். பிரிச்சு எழுதி நாம பட்டது போதும்."

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். ஐந்து வரிதான். இரண்டு மணி நேரம் ஆனது.