முதலாளியின் விமானப் பாகங்கள்

மகள் காதலித்தவனின் பெற்றோரிடம் தொலைபேசியில் பேசியபோது முதலாளி சொன்னது ஒரே ஒரு பொய்தான். "விமானத்துக்கு பார்ட்ஸ் பண்றோம்." சொல்லி முடித்ததும் அவருக்கே தம் மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது. உண்மையில் அவருடைய பட்டறையில் தயாரானது கழிப்பறை மூடி. மூடியைத் தவிர வேறொன்றுமில்லை.

இப்போது அந்தப் பெற்றோர் பட்டறையையே பார்க்க வருகிறார்கள். மனசுக்குப் பிடித்தால் இன்றே கல்யாணத் தேதி. பிடிக்காவிட்டால் மகளின் முகத்தில் எப்படி விழிப்பது?

"உண்மையைச் சொல்லிடலாம்ப்பா" என்றாள் மகள்.

"நீ சும்மா இரு. எல்லாம் உன் வாழ்க்கைக்காகத்தான்."

"என் வாழ்க்கையில விமானம் எங்கப்பா வந்துச்சு?"

மூடிகள் தார்ப்பாய்க்கு அடியில் தலைமறைவாயின. பக்கத்துப் பட்டறையில் இரவல் வாங்கிய வாணலிக் கைப்பிடிகளும் சுவிட்சுகளும் வெல்வெட் துணியில் ஏறி உட்கார்ந்தன. பட்டறையின் மூத்த தொழிலாளியான அச்சு அண்ணன் மட்டும் வழக்கம்போல் சூடான அச்சில் வெள்ளைப் பிளாஸ்டிக் மாவைக் கொட்டி, மேல் அச்சை இறக்கினார். வாசலில் ஹாரன் கேட்டது.

"அச்சைத் திறக்காதீங்க! அவங்க போற வரைக்கும் மூடியே இருக்கட்டும்."

"முதலாளி, அது கொஞ்ச நேரத்துல வெந்துடும். அதுக்கு மேல வச்சா..."

"வேகட்டும்யா!"

முதலாளிக்குத் தெரியாததல்ல. வாளி, குடம் செய்கிற பிளாஸ்டிக்கை உருக்கி மறுபடி வார்க்கலாம். இந்த மாவு வேறு ஜாதி. வெந்த முட்டை மாதிரி, ஒருமுறை இறுகினால் இறுகினதுதான். மேலும் சூடு வைத்தால் கருகுமே தவிர இளகாது. அதனால்தான் வாணலிக்குக் கைப்பிடியாகவும் மின்சார சுவிட்சாகவும் இருக்கிறது. எல்லாம் தெரிந்தவர்தான். ஆனால் பயம் வந்தால் தொழில் மறந்துவிடும்.

வருங்காலச் சம்பந்தி ஓய்வுபெற்ற அதிகாரி. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, பட்டறைக்கு ஒப்புதல் வழங்க வந்தவர்போல நடந்தார். ஒரு வாணலிக் கைப்பிடியை எடுத்துப் பார்த்தார்.

"இது?"

"விமானியோட கைப்பிடி."

"எதைப் பிடிக்க?"

"அவசரத்துக்கு எதை வேணும்னாலும் பிடிக்கலாம்."

அதிகாரி தலையாட்டினார். புரியாததை ஒப்புக்கொள்ளும் பழக்கம் அவர் வேலை பார்த்த அலுவலகத்தில் யாருக்கும் இருந்ததில்லை.

அவர் மனைவி மூக்கைச் சுருக்கினார். "என்னமோ கருகுதே? கெட்ட மீன் வாடை வேற!"

அச்சு அண்ணன் முதலாளியைப் பார்த்தார். முதலாளி மேற்கூரையைப் பார்த்தார். இதற்கு மேல் பொறுக்க முடியாமல் அண்ணன் மேல் அச்சைத் தூக்கினார். புகைக்கு நடுவே, உடம்பெல்லாம் கொப்புளமும் பழுப்புத் திட்டுமாக, முட்டை வடிவில் ஒரு மூடி தரிசனம் தந்தது.

"விமான ஜன்னல்" என்றார் முதலாளி.

"ஜன்னல்னா வெளிய தெரியணும்ல?" என்றார் அந்த அம்மாள்.

"இது... ராத்திரி விமானத்துக்கு."

"சரி, இந்த ரெண்டு ஓட்டை?"

"காத்துக்கு."

அதற்கு மேல் மகளால் முடியவில்லை; சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "அத்தை, அது கக்கூஸ் மூடி. அப்பா பண்றதே அதுதான்."

முதலாளி கை கூப்பினார். "தப்பு என்மேலதாம்மா. குறைவா நினைச்சிடுவீங்களோன்னு சொல்லிட்டேன். அதுக்காக பிள்ளைங்களைப் பிரிச்சிடாதீங்க."

"அட, இதுக்கா இத்தனை புகை?" அந்த அம்மாள் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எங்க வீட்ல மட்டும் எல்லாரும் கக்கூஸ்ல நின்னுகிட்டா இருக்கோம்? வாம்மா, நாம போய்த் தேதி பார்ப்போம்." மகளின் கையைப் பிடித்து அலுவலக அறைக்குள் கூட்டிப்போனார்.

அதிகாரியின் முகம்தான் மூடியைவிட மோசமாகப் போயிருந்தது. "நான் சொந்தக்காரங்க எல்லார்கிட்டயும் சொல்லிட்டேனே, சம்பந்தி விமானம் பண்றார்னு."

"பார்ட்ஸ்னுதானே சொன்னேன்?"

"நான் முழு விமானம்னு சொல்லிட்டேன்."

அதிகாரி மெல்ல நெருங்கி, குரலைத் தாழ்த்தினார்.

"விமானத்துலயும் கக்கூஸ் இருக்கும்ல?"

"இருக்கும்."

"அதுக்கு மூடி?"

"இல்லாமலா?"

"அப்ப நாம ரெண்டு பேருமே பொய் சொல்லலையே, சம்பந்தி!"

முதலாளியின் முதுகு தானாக நிமிர்ந்தது. தார்ப்பாயை விலக்கி, மூடிகளிலேயே பளபளப்பான ஒன்றை எடுத்து, வெல்வெட் துணியின் நடுவில் வைத்தார்.