திறக்கிற கூரை

கார் வாங்கப் போகிற இடத்துக்கு இடுப்பில் துப்பாக்கியைச் செருகிக்கொண்டு வருகிறவனை என்னவென்று சொல்வது? மஷ்ஹூர் அப்படித்தான் வந்தான். பிடி வெளியே தெரியவேண்டும் என்பதற்காகவே சட்டையை உள்ளே விட்டு இறுக்கியிருந்தான். கேட்டால், அது இல்லாமல் கிளம்பினால் இடுப்பு லேசாக இருக்கிறது என்பான். ருதைனாவுக்கு அவன் கணவனின் தம்பி. கணவன் போன பிறகு குடும்பத்துக்கு அவன்தான் பெரியவன் என்று அவனே முடிவு செய்திருந்தான்.

கார் அவள் மகன் குதைபாவுக்கு. கோடை முடிவதற்குள் அவனுக்குக் கல்யாணம். மின்சார வண்டி, சீனாவிலிருந்து கப்பலில் அவர்கள் ஊரான அம்மானுக்கு வரவேண்டும். எதெது கூடுதலாக வேண்டும் என்று இப்போதே சொல்லிவிட வேண்டும், கப்பல் ஏறிவிட்டால் மாற்ற முடியாது என்று ஷோரூம்காரன் பாஸில் படித்துப் படித்துச் சொன்னான். மரமியா என்கிற வாசனை இலை போட்ட டீயை மூவருக்கும் ஊற்றிவிட்டுத் திரையைத் திருப்பிக் காட்டினான்.

"உம்மு குதைபா, இந்த வண்டியில ஸ்டெப்னி கிடையாது. தனியாச் சொன்னாத்தான் வரும்" என்றான் ருதைனாவிடம், குதைபாவின் அம்மா என்று மரியாதையாக அழைத்து.

"மாப்பிள்ளை டயர் பஞ்சராகி நடுரோட்டுல நிக்கணுமா? போடுப்பா."

சீட்டுக்குக் காற்று வருகிற வசதி வேண்டும் என்றான் குதைபா. உனக்கு என்ன அங்கே அவ்வளவு வேர்க்கிறது என்று அம்மா கேட்டாள். பாஸில் சிரித்தான், மஷ்ஹூர்கூடச் சிரித்தான். வீட்டில் மாட்டுகிற சார்ஜர், அதன் கனத்த கேபிள், சுற்றிலும் காட்டுகிற கேமரா எல்லாம் சண்டையில்லாமல் முடிந்தது. அப்புறம் கூரை வந்தது.

"சாதாரணமா வர்றது மூடின கண்ணாடி. திறக்கிற மாதிரி வேணும்னா தனி" என்றான் பாஸில்.

"திறக்கிறது" என்றான் மஷ்ஹூர்.

"மூடினது" என்றாள் ருதைனா, அதே மூச்சில்.

கல்யாண ஊர்வலத்தில் முதல் வண்டியின் கூரையைத் திறந்து, இடுப்புவரை எழுந்து நின்று வானத்தைப் பார்த்துச் சுட்டால்தான் மாப்பிள்ளை வீட்டுக்கு மரியாதை என்று நினைக்கிற ஆட்கள் இவர்கள். பெண் வீட்டு வாசல்வரை வெடித்துக்கொண்டே போகவேண்டும். சட்டம் கூடாது என்கிறது. யார் கேட்கிறார்கள்?

ருதைனாவின் மகள் ஹலா செத்தது அப்படி ஓர் ஊர்வலத்தில். ஒன்பது வருடம் ஆகிறது. அவளுக்கு ஏழு வயது. மொட்டை மாடியில் பொம்மைச் சட்டைகளைத் துவைத்துக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். கீழே பேக்கரி வளைவில் சொந்தக்காரன் ஒருவனின் ஊர்வலம் திரும்பியது. ருதைனா மேலே ஓடிப் பார்த்தபோது பிள்ளையின் கழுத்தில் விரல் நுழைகிற ஓட்டை. விரலை வைத்து அடைத்துக்கொண்டே ஆஸ்பத்திரிவரை போனாள். வழியிலேயே விரலுக்கடியில் துடிப்பு நின்றது. ஊர்வலத்தில் வந்த ஒவ்வொருவனையும் போலீஸ் கேட்டது. நேரே மேலேதான் சுட்டேன் என்று ஒவ்வொருவனும் சொன்னான். மஷ்ஹூரும் அந்தக் கூட்டத்தில் இருந்தவன்தான். ஆனால் அடக்கத்தன்று புதைகுழி மண்ணை அள்ளி, சுட்டவன் எவனானாலும் அவன் ரத்தத்தைக் குடிப்பேன் என்று சத்தியம் செய்தவனும் அவன்தான். அந்த ஒரு சத்தியத்துக்காகவே அவன் அதிகாரத்தை எல்லாம் இத்தனை நாள் பொறுத்துக்கொண்டிருந்தாள்.

"என் மகன் வண்டியிலேர்ந்து ஒரு குண்டு போகக் கூடாது. பேச்சு முடிஞ்சுது" என்றாள்.

"அண்ணி, சும்மா பொம்பளை மாதிரி அழாதீங்க. பொண்ணு வீட்டுக்காரன் நம்மளப் பத்தி என்ன நினைப்பான்? செத்த வீட்டு ஊர்வலம் போகுதும்பான்."

"நினைக்கட்டும். சித்தப்பாவுக்கு அவ்வளவு ஆசைன்னா கழுதை மேல நின்னுகிட்டு சுடச் சொல்லு குதைபா. கழுதைக்குக் கூரையே கிடையாது."

பாஸில் டீக் கோப்பைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டான். மஷ்ஹூருக்கு முகம் சிவந்துவிட்டது. வெளி ஆள் முன்னால் ஒரு பெண் தன்னைக் கிண்டல் செய்துவிட்டாள். துப்பாக்கியை உருவி, மேசைக்கு மேலே கையை நீட்டிப் பாடம் நடத்தத் தொடங்கினான்.

"உங்களுக்குப் புரியலை. திறக்கிற கூரைதான் பத்திரம். நடுவுல நிமிர்ந்து நின்னா கை நேரா மேல போகும். ஜன்னல்ல உக்காந்து சுடுறவனுக்குத்தான் சாயும். ஒரு கையால கூரையப் பிடிக்கணும், இன்னொரு கையால சுடணும். பேக்கரிகிட்ட அந்த ஸ்பீட் பிரேக்கர் ஒரு தூக்கு தூக்குச்சு பாருங்க, என் கை இப்படி மாடிப் பக்கமாப் போயிடுச்சு. அன்னைக்கு அந்த வண்டிக்கு மேல திறப்பு இருந்திருந்தா..."

அங்கே நிறுத்தினான். நீட்டிய கை அப்படியே சாய்ந்தபடி நின்றது.

அவன் சொன்ன வளைவு ருதைனாவின் வீட்டு வளைவு. அவன் சொன்ன மாடி அவள் மாடி.

"நீயா?" என்றாள்.

"எல்லாருந்தான் சுட்டாங்க அண்ணி. என்னோடதுதான்னு யாரு கண்டா?"

"நீதான் கண்டே. உன் கை எங்க போச்சுன்னு நீ பாத்திருக்கே. பாத்துட்டு வந்து என் புள்ள குழி மேல சத்தியம் பண்ணியிருக்கே, நாயே!"

சுவரில் காட்சிக்கு மாட்டியிருந்த சார்ஜர் கேபிளை அவள் எப்படிப் பிடுங்கினாள் என்று அவளுக்கே தெரியாது. கைத்தடி பருமனுக்கு ஒரு கேபிள், அதன் நுனியில் சுத்தியல் கனத்துக்கு ஒரு பிடி. முதல் வீச்சில் அந்தப் பிடி மஷ்ஹூரின் வாயில் விழுந்தது. பல் உடைகிற சத்தம் பாஸிலுக்குக் கேட்டது. அவன் மேசைக்கடியில் போய்விட்டான். இரண்டாவது வீச்சில் புருவம் கிழிந்தது. துப்பாக்கி கையிலிருந்து நழுவித் தரையில் வழுக்கிக்கொண்டு போனது. மஷ்ஹூர் நாற்காலியோடு சரிந்தான். அவள் நிறுத்தவில்லை. ஒவ்வொரு அடிக்கும் மகள் பெயரைச் சொல்லி அடித்தாள். அவன் முழங்கையால் தலையை மூடிக்கொண்டு, வேண்டாம் அண்ணி, வேண்டாம் அண்ணி என்று ரத்தத்தோடு குழறினான். அவளுக்கு அது இனித்தது. பொய் சொல்வானேன், அவ்வளவு இனித்தது.

"யும்மா, தள்ளு."

திரும்பினாள். குதைபாவின் கையில் துப்பாக்கி. அவன் முகத்தில் ரத்தமே இல்லை. குழாய் நேராக மஷ்ஹூரின் தலையைப் பார்த்தது.

"தள்ளு யும்மா. அவ எனக்குத் தங்கச்சி."

ஒன்பது வருடம் அவள் கேட்ட வரம் இதோ நடக்கப்போகிறது. அவள் தள்ளி நின்றால் போதும். ஆனால் அந்த விரல் வளைவதைப் பார்த்தபோது, இந்த ஒரு ஆளுக்காக இரண்டாவது பிள்ளையையும் கொடுக்கப்போகிறோம் என்பது அவளுக்கு உறைத்தது. கேபிளைச் சுழற்றி மகனின் மணிக்கட்டில் போட்டாள், இருக்கிற பலம் எல்லாம் சேர்த்து. எலும்பு முறிந்தது. குண்டு மேலே பாய்ந்து காட்சிக்கு நின்ற வண்டியின் கண்ணாடிக் கூரையைத் துளைக்க, ஷோரூம் முழுவதும் சில்லுகள் கொட்டின. குதைபா கையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அலறினான். அவள் துப்பாக்கியை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

யார் கூப்பிட்டார்களோ, போலீஸ் வந்துவிட்டது. ஓர் அதிகாரியும் இரண்டு காவலர்களும். மஷ்ஹூர் உடைந்த வாயால் முந்திக்கொண்டான்.

"குடும்ப விஷயம் சார். துடைக்கும்போது கை தவறி வெடிச்சிடுச்சு. பெரியவங்க வந்து காப்பி குடிச்சு முடிச்சுக்குவோம்."

அந்தக் காப்பியை அவளுக்குத் தெரியும். இரண்டு பக்கத்து ஆண்களும் வட்டமாக உட்கார்ந்து ஒரு மடக்குக் குடித்துவிட்டால் விஷயம் தீர்ந்தது. ஹலாவும் தீர்ந்தாள். பேசாமல் இருந்தால் குதைபாவுக்கு நல்லது, கல்யாணம் நடக்கும். வாயைத் திறந்தால், துப்பாக்கி நீட்டியது பையன்தான் என்று இவன் காட்டிக்கொடுப்பான்.

"சுட்டது நான்" என்றாள் ருதைனா.

"பொய் சார்! பையன்தான் எம்மேல..."

"அந்தக் கையப் பாருங்க சார். அதால ஸ்பூன் பிடிக்க முடியுமா? அதை உடைச்சதும் நான்தான். குறுக்க வந்தான்."

குதைபாவின் மணிக்கட்டு வீங்கித் தொங்கியது. அதிகாரி மேசைக்கடியிலிருந்து பாஸிலை எழுப்பிக் கேட்டார். பாஸில் குதைபாவைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். ஷோரூம் தரையைப் பார்த்துக்கொண்டு, "அவங்கதான் சார்" என்றான்.

"எதுக்கும்மா சுட்டீங்க?"

"எம்பொண்ணு ஹலாவக் கொன்னவன் இவன். பேக்கரி வளைவுல. இப்ப அவனே சொன்னான், இந்தத் தம்பியும் கேட்டான். எழுதிக்குங்க."

பாஸில் தலையசைத்தான். மஷ்ஹூர் எழுந்திருக்கப் பார்த்தான். ஒரு காவலன் அவன் தோளை அழுத்தி உட்காரவைத்தான்.

"யும்மா..." என்று அழுதான் குதைபா. "கல்யாணத்துக்கு நீ?"

"கை ஆறினதும் வச்சுக்கோ. நான் இல்லாட்டியும் வச்சுக்கோ."

இன்னொரு காவலன் விலங்கை எடுத்துக்கொண்டு அவளிடம் வந்தான்.

"முதல்ல அவனுக்கு மாட்டு தம்பி" என்றாள். "நான் பாத்துக்கிட்டு நிக்கிறேன். எங்கயும் ஓட மாட்டேன்."