பதினாறு டிகிரியில் மறைந்த நோய்

தொழிற்சாலையில் மங்கும் வலது கண், கிளினிக் நாற்காலியில் உட்கார்ந்ததும் ஏன் தெளிந்துவிடுகிறது? கலைமகளுக்கு விளங்கவே இல்லை.

சர்க்யூட் பலகைகளில் குறை கண்டுபிடிப்பது அவள் வேலை. மூன்று மாதமாக மத்தியானமானால் அந்தக் கண்ணில் புகை மூடும், இடது கால் இழுக்கும். தொழிற்சாலை ஏற்பது ஒரே கிளினிக்கின் கடிதத்தைத்தான். அங்கே டாக்டர் விஜயரட்ணம் நான்கு முறை சோதித்தார். நான்கு முறையும் எழுத்துப் பலகையைக் கடைசி வரிவரை வாசித்து, தன் குழியைத் தானே தோண்டினாள்.

போனில் படித்த எம்.எஸ். என்ற நரம்பு நோயைப் பற்றிக் கேட்டபோது அவர் சிரித்தார்.

"பிள்ளை, அது குளிர் நாட்டு வருத்தம். அங்க லட்சத்துக்கு நூறு, இருநூறு பேர். இங்க ரெண்டு மூணு. முப்பது வருஷத்தில நான் ஒண்டும் பார்க்கேல்ல."

நோயாளி அட்டையில் 'எம்.சி. விடுப்புக்காக நடிக்கிறார்' என்று எழுதினார். அதன் நகல் மேலாளரிடம் போனது. வெள்ளிக்கிழமைக்குள் வேறு கடிதம் வராவிட்டால் வேலை போகும்.

கலைமகள் அழவில்லை. அதே அட்டையில், அதே கையால் அவரை மாற்றி எழுத வைக்கவேண்டும். அதை நாலு பேர் பார்க்க வேண்டும். சோற்றைப் பிசையும்போதும் அதே நினைப்பு.

அவர் சொன்ன கணக்கையே எடுத்துப் பார்த்தாள். அவள் இருக்கும் மலாக்கா மாநிலத்தில் ஏறத்தாழ பத்து லட்சம் பேர். லட்சத்துக்கு இரண்டு மூன்று என்றால் இருபது, முப்பது பேர். அரிது என்றால் இல்லை என்று அர்த்தமில்லை. அந்த இருபது பேரும் யாரோ ஒரு டாக்டரின் முன்னால் உட்கார்ந்திருக்க வேண்டுமே.

அடுப்படி காலண்டரின் பொடி எழுத்தை வைத்துத் தன் கண்ணைத் தானே சோதித்தாள். கணவன் சேகரனின் மோட்டார் சைக்கிளில், வெயிலுக்குத் தடித்த மேலங்கி ஜாக்கெட்டை முன்பின்னாகத் திருப்பிப் போட்டு வந்த நாளெல்லாம் எழுத்து மறைந்தது. பச்சைத் தண்ணீரில் குளித்த அரைமணியில் திரும்பி வந்தது. கிளினிக்குக்கோ, முதல் நம்பர் பிடிக்கக் காலை ஏழு மணிக்கே காரில் போவாள். பிறகு பதினாறு டிகிரி ஏர்கோன் குளிரில் ஒரு மணிநேரம் காத்திருப்பாள்.

குற்றவாளி சூடு: சாலையில் வெயில், தொழிற்சாலையில் ஈயம் உருக்கும் வெக்கை. நரம்பு ஒரு மின்கம்பி மாதிரி. எம்.எஸ். நோயில் அதன் மேலுறை தேய்ந்த இடத்தில் செய்தி தட்டுத்தடுமாறித்தான் கடக்கும். உடம்பு சற்றுச் சூடேறினால் அங்கேயே நின்றுவிடும். குளிர்ந்தால் மறுபடி ஓடும்.

வியாழன் நண்பகல், தன் ஊரான மெர்லிமாவிலிருந்து ஜாக்கெட்டோடு மோட்டாரில் வந்து இறங்கினாள். நம்பர் எடுத்து உட்காரச் சொன்ன தாதி சாந்தியிடம், இப்போதே பார்த்தாக வேண்டும் என்று நின்றாள். சத்தம் கேட்டு டாக்டர் வெளியே வந்தார். நடைச் சுவரில் இருந்த எழுத்துப் பலகையில், இடது கண்ணை மூடியதும் மூன்றாம் வரிக்குக் கீழே அவளால் வாசிக்க முடியவில்லை.

"நல்ல நடிப்பு," என்றார்.

"கண்ணுல லைட் அடிங்க டாக்டர். கண்ணுமணிக்கு நடிக்கத் தெரியாது லா."

அடித்தார். வெளிச்சம் இடது கண்ணிலிருந்து வலது கண்ணுக்கு மாறியபோது சுருங்க வேண்டிய கண்மணி விரிந்தது. மூன்று முறை அடித்துப் பார்த்தார். முகத்தில் சிரிப்பு இல்லை.

"முப்பது வருஷமா ஒருத்தரும் வரலையா," என்று கேட்டாள் கலைமகள், "இல்ல, எல்லாரையும் குளுர வச்சி அனுப்பிட்டீங்களா?"

காத்திருந்தவர்கள் போனை இறக்கினார்கள். டாக்டர் அட்டையோடு உள்ளே திரும்பினார்.

"இங்கயே எழுதுங்க. நடிக்கிறார்னு எழுதுன அந்த வரிக்குக் கீழ."

கவுண்டரில் குனிந்து எழுதினார். அந்தக் குனிவை அவள் ஆசை தீரப் பார்த்தாள். பிறகு அட்டையை வாங்கி, எல்லாருக்கும் கேட்கும்படி சாந்தியை வாசிக்கச் சொன்னாள்.

'நடிப்பு என்றது தவறு. எம்.எஸ். சந்தேகம், நரம்பு மருத்துவருக்கு அனுப்புகிறேன். இந்த நோயாளியின் கண்ணை, வெயிலில் வந்த சூட்டோடு, ஏர்கோனில் உட்காருமுன் சோதிக்கவும்.'